பேச வராதவருக்குப் பாட்டு மட்டும் எப்படி வருகிறது?

கேள்வி: எனக்கு 49 வயது. ஒட்டன்சத்திரம் பக்கத்தில் இருக்கிறோம். என் கணவர் டீக்கடை நடத்தியவர். எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுதான் வரவில்லை. எதைக் கேட்டாலும் "அதான்... அதான்" என்ற ஒரே வார்த்தை. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிகிறது. போன மாதம் மகள் செல்போனில் பழைய சினிமாப் பாட்டு ஒன்றைப் போட்டாள். அவரும் கூடவே இரண்டு வரியை வார்த்தை பிசகாமல் பாடிவிட்டார். பாடி முடித்ததும் அழுதுவிட்டார். அன்றிலிருந்து என் கொழுந்தனார், "அண்ணனுக்குப் பேச முடியும், வேணும்னே பேச மாட்டேங்குறாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அது உண்மையா? பாட்டை வைத்தே பேச்சைக் கொண்டுவர முடியுமா? பாட்டுப் போட்டால் அழுகிறாரே, போடலாமா கூடாதா? இன்னொன்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் திருப்புகழ் பஜனைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இந்த எட்டு மாதமாகப் போகவில்லை. மகள் போகச் சொல்கிறாள். வீட்டில் ஒருவர் இப்படி இருக்கும்போது நான் பாடப் போவது சரியா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் கொழுந்தனாருக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் ஒரு மாதமாக உங்கள் மனதை அரித்துக்கொண்டிருக்கும். உங்கள் வீட்டுக்காரர் நடிக்கவில்லை. பேச முடிந்தும் பேசாமல் இருக்கவில்லை. பேச முடியாதவர் பாடுவது, பேச்சு சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்குப் பழகிய காட்சி.

நாளைக் காலையில் ஒன்று செய்து பாருங்கள். அவர் எதிரில் உட்கார்ந்து "ஒண்ணு, ரெண்டு" என்று நீங்கள் தொடங்குங்கள். மூன்றிலோ நான்கிலோ அவரும் சேர்ந்துகொள்ள நிறைய வாய்ப்பு உண்டு. பத்து வரைகூடப் போவார். அப்புறம் நான்கு விரலைக் காட்டி, "இது எத்தனை?" என்று கேளுங்கள். அநேகமாக "அதான்" என்றுதான் வரும். ஒரு நிமிடத்துக்கு முன்பு அவர் வாயிலிருந்து வந்த அதே "நாலு", தனியாகக் கேட்டால் வராது. கிழமைகளின் பெயர், சின்ன வயதில் மனப்பாடம் செய்த சாமி பாட்டு எல்லாமே இப்படித்தான். திட்டுகிற வார்த்தைகளும் இந்த வகைதான். "மத்ததெல்லாம் வரலை, கெட்ட வார்த்தை மட்டும் தெளிவா வருது" என்று எத்தனையோ குடும்பங்கள் வருத்தத்தோடு வந்து சொல்லியிருக்கின்றன. அதையும் அந்த நோயாளி வேண்டுமென்று செய்வதில்லை.

பல வருடம் கேட்டுக் கேட்டுப் பதிந்த பாட்டு, தொடுத்து முடித்த பூச்சரம் மாதிரி. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் மொத்தமும் வரும். நடுவிலிருந்து ஒரு பூவை மட்டும் உருவச் சொன்னால் முடியாது. நாம் பேசும்போதோ ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடுக்க வேண்டியிருக்கிறது. எந்த வார்த்தை, எந்த வரிசை, நாக்கும் உதடும் எப்படி அசைய வேண்டும் என்பதையெல்லாம் மூளை அந்த நொடியில் தீர்மானிக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு இந்த வேலை மூளையின் இடது பக்கத்தில் நடக்கிறது. வலது கை காலை இயக்குவதும் அதே இடது பக்கம்தான். அதனால்தான் வலது கை விழுந்தவர்களுக்குப் பல நேரம் பேச்சும் சேர்ந்து போகிறது. மெட்டைப் பிடித்துப் பாடுவதில் வலது பக்க மூளைக்கும் பெரிய பங்கு இருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தப் பக்கம் தப்பியிருக்கிறது.

அந்த ஒற்றை வார்த்தை விஷயமும் புதிதல்ல. பாரிசில் 1861-ல் பால் புரோக்கா என்ற மருத்துவரிடம் ஒருவர் வந்தார். அவரால் சொல்ல முடிந்த ஒரே சொல் "டான்". மருத்துவமனையில் எல்லோரும் அவரையே டான் என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்கள் பேசுவது அவருக்குப் புரிந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது பக்கத்தின் முன்பகுதி கெட்டுப்போயிருந்தது. பேச்சுக்கு மூளையில் தனி இடம் உண்டு என்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதில் அந்த ஒரு மனிதருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தப் பேச்சிழப்புக்கு அபேசியா என்று பெயர். அறிவு மங்கிவிட்டது என்றோ பிடிவாதம் என்றோ அதற்கு அர்த்தம் இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது தெரிகிறது, வார்த்தை கைக்கு எட்டவில்லை. அந்த நிலையில் இருப்பவர் காதுபடவே "நடிக்கிறார்" என்றால் அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுத்துச் சொல்லவும் அவரிடம் வார்த்தை இல்லை.

சரி, பாட்டை வைத்துப் பேச்சைக் கொண்டுவர முடியுமா?

ஓரளவுக்கு முடியும். ஆனால் நீங்கள் நினைக்கிற வழியில் அல்ல. தினமும் அந்தச் சினிமாப் பாட்டையே பாட வைத்தால் அந்தப் பாட்டு நன்றாக வரும், அவ்வளவுதான். பாட்டில் வருகிற "தண்ணீர்" என்ற சொல், தாகம் எடுக்கும்போது தானாக வந்து நிற்காது. பல குடும்பங்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்துபோகின்றன. ஆறு மாதம் பாட வைத்துவிட்டு, "பாடுறாரு, ஆனா பேச்சு வரலையே" என்று கைவிட்டுவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டின் ஆல்பர்ட், ராபர்ட் ஸ்பார்க்ஸ், நான்சி ஹெல்ம் என்ற மூவர் 1973-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். அவர்கள் பாட்டை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அன்றாடம் வேண்டிய சின்னச் சின்ன வாக்கியங்களுக்கு ஏற்றமும் இறக்கமுமாக இரண்டே சுரம் வைத்தார்கள். ஒவ்வொரு அசைக்கும் நோயாளியின் இடது கையால் ஒரு தட்டு. பழகப் பழக மெட்டைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் பேச்சில் கொண்டுவந்து விடுவார்கள். 2011-ல் தலையில் குண்டடி பட்டுப் பேச்சை இழந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மறுபடி பேசப் பழகியதில் இசைப் பயிற்சிக்கும் பங்கு உண்டு.

பின்னால் நடந்த ஆராய்ச்சி ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 2011-ல் ஜெர்மனியில் இப்படிப் பேச்சிழந்த 17 பேரைப் பாடவும், தாளத்தோடு சொல்லவும், சும்மா சொல்லவும் வைத்துப் பார்த்தார்கள். மெட்டைவிடத் தாளமும், வார்த்தைகள் எவ்வளவு பழகியவை என்பதும்தான் அதிகம் உதவின. நம் ஊருக்கு இது நல்ல செய்தி என்பேன். சுருதி சேராதவர்கள் உண்டு, தாளம் தெரியாத வீடு கிடையாது. கும்மியிலும் பஜனையிலும் கைதட்டிப் பழகிய உங்களுக்கு இந்த வேலையில் பாதி ஏற்கெனவே தெரியும்.

செய்முறையைச் சொல்கிறேன். ஐந்தே ஐந்து சொற்களைத் தேர்ந்தெடுங்கள். உங்களுக்கு வேண்டியவை அல்ல, அவருக்கு வேண்டியவை. "டீ வேணும்", "போதும்", "வலிக்குது", "வேணாம்", அப்புறம் மகளின் பெயர். டிவியை நிறுத்திவிடுங்கள். உங்கள் வாய் அவருக்குத் தெரிகிற மாதிரி நேர் எதிரில் உட்காருங்கள். அவருடைய இடது கையை உங்கள் கையில் எடுத்துக்கொண்டு மேசையில் மெதுவாகத் தட்டுங்கள். டீ, ஒரு தட்டு. வே, ஒரு தட்டு. ணும், ஒரு தட்டு. முதலில் வார்த்தையே இல்லாமல் "ம்ம் ம்ம் ம்ம்" என்று முனகுங்கள், கை மட்டும் தட்டட்டும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகு அதே இழுப்பில் "டீ... வே... ணும்" என்று நீங்கள் சொல்லுங்கள். அடுத்து இரண்டு பேரும் சேர்ந்து. அது நன்றாக வந்தபின் "டீ வே" வரைக்கும் சேர்ந்து சொல்லிவிட்டு நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், கை மட்டும் தட்டிக்கொண்டிருக்கட்டும். "ணும்" அவரிடமிருந்து வரும், இன்றைக்கு இல்லாவிட்டால் பத்து நாள் கழித்து. அதன்பின் அவர் தனியாக. கடைசிப் படி, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு "என்ன வேணும்?" என்று கேட்டுக் காத்திருப்பது. அவர் சொன்னதும் டீயைக் கொடுத்துவிடுங்கள். இன்னொரு தரம் சொல்லச் சொல்லாதீர்கள். கேட்டதும் கிடைப்பதுதான் அந்த வார்த்தைக்குக் கிடைக்கும் பரிசு.

ஒரு நேரத்துக்குப் பத்து, பதினைந்து நிமிடம் போதும். ஒரு நாளில் இரண்டு, மூன்று தடவை. களைத்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். தப்பாக வந்தால் "அப்படி இல்லை" என்று சொல்லாமல், சரியான சொல்லை நீங்களே ஒரு தடவை தட்டிக் காட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். விருந்தாளி வந்தால் "மாமாவுக்குச் சொல்லிக் காட்டுங்க" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஒரு நல்ல கடைக்காரராக ஊரில் மதிப்போடு இருந்தவரை ஐந்து வயதுப் பிள்ளையாக்கிவிடும் அந்த ஒரு வாக்கியம். அதற்குப் பிறகு பயிற்சிக்கு அவர் வாயையே திறக்க மாட்டார்.

இதை ஒரு பேச்சுப் பயிற்சியாளர் நேரில் பார்த்துத் தொடங்கிவைப்பது நல்லது. திண்டுக்கல் அல்லது மதுரை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஸ்பீச் தெரபிஸ்ட் எப்போது இருப்பார் என்று விசாரியுங்கள். அடிக்கடி போகக் கட்டாது என்றால், முதல் தடவை போகும்போது நீங்கள் வீட்டில் செய்வதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். அதைப் பார்த்தே எங்களால் நிறையத் திருத்த முடியும்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் நேராகச் சொல்லிவிட வேண்டும். பழையபடி கடையில் நின்று வாடிக்கையாளர்களோடு அரட்டை அடிக்கும் அளவுக்குப் பேச்சு திரும்புமா என்று கேட்டால், அந்த வாக்குறுதியை என்னால் தர முடியாது. பழக்கிய வாக்கியங்கள் வரும், பழக்காதவை வருவது கடினம் என்பதுதான் பல ஆய்வுகளில் தெரிகிறது. முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும். ஆனாலும் எட்டு மாதம் தாண்டிவிட்டது, இனி ஒன்றும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்களும் புதுச் சொற்களைப் பிடித்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் இன்றைக்கு இருப்பது "அதான்" ஒன்றுதான். "வலிக்குது" என்ற ஒரு சொல் கூடச் சேர்ந்தாலே உங்கள் இருவரின் ராத்திரியும் எவ்வளவு மாறும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

இனி அந்தச் சினிமாப் பாட்டுகள். அவை பேச்சைத் தராவிட்டாலும் தாராளமாகப் போடுங்கள். பின்லாந்தின் ஹெல்சின்கியில் பக்கவாதம் வந்த 60 பேரைச் சேர்த்துச் செய்த ஆய்வு 2008-ல் வெளியானது. ஒரு பிரிவினர் தங்களுக்குப் பிடித்த பாட்டை இரண்டு மாதம் தினமும் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் ஒலிப்புத்தகம் கேட்டார்கள். மூன்றாவது பிரிவுக்கு இரண்டும் இல்லை. மருந்தும் மற்ற சிகிச்சையும் எல்லோருக்கும் வழக்கம்போல நடந்தன. பாட்டுக் கேட்டவர்களுக்கு ஞாபகமும் கவனமும் மற்றவர்களைவிட நன்றாகத் தேறின, மனச்சோர்வும் குறைவாக இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவரவருக்குப் பிடித்த பாட்டு என்பது. "மனசுக்கு அமைதி தரும்" என்று நீங்களாக வீணையோ புல்லாங்குழலோ போடாதீர்கள். டீக்கடை ரேடியோவில் அவர் காலமெல்லாம் எதைக் கேட்டாரோ, அதையே போடுங்கள். எந்தப் பாட்டு வேண்டும் என்பதை அவரே காட்டட்டும், செல்போன் அவர் இடது கையில் இருக்கட்டும். இன்று அந்த வீட்டில் சாப்பாடு, மாத்திரை, குளியல், தூக்கம் எல்லாவற்றையும் அவருக்காக மற்றவர்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். பாட்டையாவது அவர் தீர்மானிக்கட்டும்.

அழுகிறாரே என்றீர்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பலருக்கு அழுகையும் சிரிப்பும் கட்டுக்குள் நிற்காது. சின்னத் தூண்டுதலுக்கே கண்ணீர் பொலபொலவென்று வரும், உள்ளே அந்த அளவு துக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. அது தவிர, எட்டு மாதம் கழித்துத் தன் வாயிலிருந்து முழு வார்த்தைகள் வருவதைத் தானே கேட்டவர் அழுவதில் என்ன தவறு? பாட்டைச் சட்டென்று நிறுத்தி எல்லோரும் பதறிப்போய்ச் சூழ்ந்துகொள்ளாதீர்கள். பக்கத்தில் இருங்கள். அழுகை அடங்கியபின் "இன்னொரு தரம் போடவா?" என்று கேளுங்கள். தலையாட்டினால் போடுங்கள், கையை வீசினால் விட்டுவிடுங்கள்.

ஆனால் பாட்டு இல்லாத நேரத்திலும் அழுதுகொண்டே இருந்தால், சாப்பாட்டைத் தள்ளினால், தூங்காவிட்டால், நடைப் பயிற்சிக்கு வர மறுத்தால், அது வேறு. பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. வாய் பேச முடியாதவருக்கு வந்தால் வெளியே தெரியாமலே போய்விடும். அதற்கு மருந்து உண்டு, மருத்துவரிடம் சொல்லுங்கள். பாட்டால் அதைச் சமாளித்துவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். இந்த ராகம் கேட்டால் பக்கவாதம் குணமாகும், அந்த ராகம் கேட்டால் ரத்த அழுத்த மாத்திரை வேண்டாம் என்று விற்பவர்களிடமும் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இதில் எனக்குக் கோபமே வரும். பாட்டின் மேல் மக்களுக்கு இருக்கும் பிரியத்தை வைத்து மாத்திரையை நிறுத்த வைப்பது, அடுத்த ஸ்ட்ரோக்குக்கு வழி விடுவது.

இப்போது நீங்கள் கூச்சத்தோடு கேட்ட கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இதுதான் முக்கியமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. போங்கள். இந்த வெள்ளிக்கிழமையே போங்கள்.

வேல்ஸ் நாட்டில் புற்றுநோயாளிகளும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரும், பார்த்துக்கொண்டிருந்தவரை இழந்துவிட்டவர்களும் சேர்ந்து பாடும் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் ஐந்து குழுக்களைச் சேர்ந்த 193 பேரிடம் பாடுவதற்கு முன்பும், ஒரு மணி நேரம் பாடிய பிறகும் உமிழ்நீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். கார்ட்டிசால் என்பது உடம்பு நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன். அது பாடிய பிறகு குறைந்திருந்தது, மனநிலையும் தேறியிருந்தது. 2016-ல் வெளியான இந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்கப் பாடாத குழு ஒன்று வைக்கவில்லை, அதனால் இதை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகக் கூடாது. ஆனால் 2023-ல் பின்லாந்தில் வந்த ஆய்வு உங்களுக்காகவே செய்தது மாதிரி இருக்கிறது. பேச்சிழந்த 54 பேரும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினரும் நான்கு மாதம் சேர்ந்து பாடினார்கள். நான் மேலே சொன்ன தட்டிச் சொல்லும் முறையும் அதில் இருந்தது. நோயாளிகள் மற்றவர்களோடு தொடர்புகொள்வது மேம்பட்டது, பார்த்துக்கொள்பவர்களின் சுமையும் குறைந்தது.

புள்ளிவிவரத்தை விடுங்கள். இந்த எட்டு மாதத்தில் உங்களை யாராவது நோயாளியின் மனைவி என்றில்லாமல் நீங்களாகப் பார்த்தார்களா? பஜனையில் யாரும் "அவருக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று வரிக்கு வரி கேட்டுக்கொண்டிருக்க முடியாது. திருப்புகழின் சந்தம் அதற்கு இடம் கொடுக்காது. மூச்சை எங்கே எடுப்பது, தாளத்தை எங்கே பிடிப்பது என்பதிலேயே கவனம் முழுக்கப் போய்விடும். வேறு எதையும் நினைக்க இடமில்லாத அந்த ஒன்றரை மணி நேரம், உங்களுக்கு மருத்துவக் காரணத்துக்காகவே தேவை என்று எழுதித் தரவும் நான் தயார். "புருஷன் கிடக்கிறான், இவ பாடப் போறா" என்று சொல்பவர்கள் சொல்லத்தான் செய்வார்கள். அவர்களில் யாராவது வெள்ளிக்கிழமை மாலை வந்து அவரைக் கழிவறைக்குக் கூட்டிப்போகிறார்களா என்று பாருங்கள். உங்கள் கொழுந்தனாருக்கு அந்த நேரத்தை ஒதுக்கிக் கொடுங்கள். அண்ணனோடு தனியாக ஒன்றரை மணி நேரம் இருந்து பார்த்தால், அவர் நடிக்கிறாரா என்பது தானாகவே தெரிந்துவிடும்.

இரண்டு, மூன்று வாரம் நீங்கள் தனியாகப் போய் வாருங்கள். அது உங்களுடைய நேரமாகவே இருக்கட்டும், உடனே அவரையும் கூட்டிக்கொண்டு போய் அங்கேயும் செவிலியாகிவிடாதீர்கள். பிறகு அவருக்கு விருப்பம் இருந்தால், மாதம் ஒரு நாள் அழைத்துப்போகலாம். பஜனையில் நாமாவளி வரும்போது ஒருவர் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்கிறார்கள் அல்லவா? பேச்சிழந்தவருக்கு அதைவிட வசதியான அமைப்பு கிடைக்காது. வரி முன்னாலேயே காதில் விழுந்துவிடுகிறது, தாளம் இழுத்துக்கொண்டு போகிறது, தப்பாகச் சொன்னாலும் கூட்டத்தின் குரலில் அமுங்கிப்போகிறது. ஜால்ராவுக்கு இரண்டு கை வேண்டும், அதைக் கொடுத்து அவரைச் சங்கடப்படுத்தாதீர்கள். சலங்கைக் கொத்து ஒன்றை இடது கையில் கொடுத்தால் போதும்.

பாட்டில் நாட்டமில்லாத நாளும் இருக்கும். கடையில் பலகாரமும் விலையும் எழுதிப்போட்ட சிலேட்டு இருந்தால் அதையும் சாக்பீசையும் அவர் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். எழுத்து வராவிட்டாலும் படம் வரலாம். வார்த்தை கிடைக்காதபோது இடது கையால் ஒரு வட்டம், ஒரு கோடு கிறுக்கி வேண்டியதைப் புரியவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கோணலாக இருந்தால் இருக்கட்டும், என்ன சொல்ல வருகிறார் என்பதை மட்டும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை மட்டும். இப்போது பாடுகிறவர் திடீரென்று ஒரு நாள் அந்தப் பாட்டையும் பாட முடியாமல் திணறினால், முகம் ஒரு பக்கம் கோணினால், நன்றாக இருக்கும் கையோ காலோ தளர்ந்தால், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். உங்களுக்கே மனம் தாங்காத இரவுகளில் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுதுங்கள். ஐந்து சொற்களில் எது முதலில் வந்தது, எதில் சிக்குகிறார் என்று குறித்து வைத்திருந்து அனுப்புங்கள். அடுத்த ஐந்தை அதைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.